தலைவர் இராஜதுரையின் நாலு நாள்

பலெர்மோ முத்தமிழ் நலன்புரி மன்றத்தில் இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு நாற்பத்தொரு அங்கத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் நாற்பது பேருக்குப் பதவி இருந்தது. தலைவர், உபதலைவர்கள் மூன்று பேர், செயலாளர், பொருளாளர், பொருளாளரைக் கவனிக்கக் கணக்காய்வாளர், கணக்காய்வாளரைக் கவனிக்கப் போசகர் என்று மேலிருந்து இறங்கிவர, அடியில் விளையாட்டுத்துறைக்குப் பொறுப்பாகப் பதினொரு பேர் நின்றார்கள். மன்றத்தில் விளையாட்டு எதுவும் நடப்பதில்லை. அது வேறு விசயம். பதவி இல்லாத நாற்பத்தோராவது ஆள் இராஜதுரை. மற்றவர்கள் சேவை செய்வதென்றால் யாருக்காவது செய்யவேண்டும் அல்லவா. மன்றத்தின் பொதுமக்கள் அவர் ஒருவர்தான்.

இராஜதுரைக்கு ஐம்பத்திரண்டு வயது. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து இருபத்துமூன்று வருடம். காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு சீமாட்டியின், வீட்டில் வேலை. கோப்பி போடுவார், மருந்து எடுத்துக் கொடுப்பார், சிஞ்ஞோராவின் நாயை நடத்திக்கொண்டு போவார். இரண்டு மணிக்குப் பிறகு அவர் மன்றத்துக்குச் சொந்தம். மன்றத்தின் மண்டபம் போர்கோ வெக்கியோவில் அவர் குடியிருக்கும் தெருவிலேயே இருந்தது. முன்பு அது வெங்காயக் களஞ்சியம். மழை பெய்தால் இன்றைக்கும் உள்ளே இருப்பவர்களுக்குக் கண் கலங்கும். உருக்கமாகப் பேசுகிறவர்களுக்கு அது ஒரு வசதி. மண்டபத்தின் சாவியும் எண்பது நீலப் பிளாஸ்ரிக் கதிரைகளும் இராஜதுரையின் கையில் இருந்தன. பொறுப்பாளர் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தெருவில் இருக்கிறவர், ஆகவே சாவி அவரிடம்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் விடாமல் செய்துவந்த தொழில் கனவு காண்பது. அதற்கு அவருக்கு நித்திரை தேவையில்லை. கோப்பி பொங்கி வருகிற இரண்டு நிமிடத்துக்குள் அவர் மேடை ஏறி, பொன்னாடை வாங்கி, நாலு வார்த்தை பேசி, கீழே இறங்கிவிடுவார். கனவில் அவருக்கு எப்போதும் தலைவர் பதவிதான். கனவிலும் உபசெயலாளராக இருந்து என்ன பிரயோசனம்.

அந்த வருட வசந்தத்தில் ஆபிரிக்காவின் பதினாலு நாடுகளிலிருந்து இருபது இளம் சமூகத் தலைவர்கள் பலெர்மோவுக்கு வந்தார்கள். தலைமைத்துவப் பெலோசிப் என்று ஒரு பயிற்சித் திட்டம். மூன்று கிழமை. கபோ சந்தைக்குப் பின்னால் பழைய கன்னியர் மடம் ஒன்றில் தங்கவைத்து, முதல் கிழமை முழுவதும் அவர்களுக்குத் தலைமை என்றால் என்ன என்று தலைமை வகித்தே இராதவர்கள் விரிவுரை செய்தார்கள். இரண்டாம் கிழமை ஒவ்வொருவரும் நகரத்தில் ஒரு சமூகத் தலைவரின் பின்னால் நாலு நாள் திரிந்து, பார்த்ததை எழுதி, சனிக்கிழமை மேடையில் சொல்லவேண்டும். முத்தமிழ் நலன்புரி மன்றத்துக்கும் ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. மன்றம் உடனே தன் இயல்பின்படி ஒரு வரவேற்பு விழா வைத்தது.

அழைப்பிதழில் "சரியாகப் பிற்பகல் நாலு மணிக்கு" என்று போட்டிருந்தார்கள். "சரியாக" என்று போடாவிட்டால் எங்கள் ஆட்கள் ஏழு மணிக்கு வருவார்கள். போட்டால் ஆறு மணிக்கு வருவார்கள். இந்தக் கணிதம் தெரியாத ஒரு பெண் நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து வாசலில் நின்றாள்.

அவள் பெயர் செலஸ்ரீனா. மொசாம்பிக்கில் பெய்ரா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். இருபத்தொன்பது வயது. மீன் விற்கும் பெண்கள் முப்பத்துநாலு பேரின் சங்கத்துக்கு அவள் தலைவி. இத்தாலிய மொழியைப் பெய்ராவின் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஒவ்வொரு சொல்லும் தோய்த்து இஸ்திரி போட்டதுபோல வரும். இராஜதுரையின் இத்தாலியம் சிஞ்ஞோராவின் குசினியில் விளைந்தது. இரண்டும் ஒன்றையொன்று நன்றாகவே விளங்கிக்கொண்டன. ஆகவே பின்னால் நடந்ததற்கு மொழியின் மேல் பழி போட வழியில்லை.

"நீங்கள்தான் இந்த மன்றத்தின் தலைவரா?"

இராஜதுரையின் ஒரு கையில் சாவி இருந்தது. மறு கையில் இரண்டு கதிரைகள். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

"ஓம்" என்றார்.

"கதிரையையும் நீங்களே போடுறியளா?"

"முதல் கதிரையைத் தலைவர்தான் போடவேணும்."

இரண்டாவது பொய் முதலாவதைவிட இனிப்பாக இருந்தது. செலஸ்ரீனா அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடியில் கோடும் போட்டாள். பிறகு பையை வைத்துவிட்டு மிச்சக் கதிரைகளை அவரோடு சேர்ந்து போட்டாள்.

ஆறு மணிக்கு அழகரத்தினம் வந்தார். பதவியில் இருக்கும் தலைவர் அவர்தான். கறுப்புக் கோட்டுப் போட்டு, விளக்கேற்றி, ஐம்பது நிமிடம் தமிழில் பேசினார்.

"இவர் ஆர்?" என்று செலஸ்ரீனா கேட்டாள்.

"சிறப்புப் பேச்சாளர்" என்றார் இராஜதுரை. பேச்சின் நீளத்தைப் பார்த்தால் அது அவ்வளவு பொய்யில்லை.

விழா முடிந்ததும் அழகரத்தினம் அவரை ஒதுக்குப்புறமாக இழுத்தார். "நாலு நாளைக்கு ஆரோ கூடத் திரியவேணுமாம். எனக்கு வேலை. நீர் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டும்."

"சரி அண்ணை" என்றார் இராஜதுரை. இவ்விதமாக, மேலிடத்தின் அனுமதியோடேயே ஆட்சி கைமாறியது.

திங்கட்கிழமை சிரொக்கோ தொடங்கியது. தெற்கேயிருந்து மணலைத் தூக்கிவருகிற சூட்டுக் காற்று. வானம் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, கோபுரங்களும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் நிலத்தில் கால் ஊன்றாமல் மிதந்தன. இராஜதுரையின் கால்களும் அப்படித்தான். இரண்டு மணிக்குச் சிஞ்ஞோராவின் வேலையை முடித்துவிட்டு, ஊருக்குள் இறங்கி நடந்தார். இரண்டடி பின்னால் செலஸ்ரீனா குறிப்புப் புத்தகத்தோடு வந்தாள். அந்த இரண்டடி தூரம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது பின்னால் ஆள் வந்தவர்களுக்குத்தான் தெரியும். நடை தானாகவே ஆறுதலாகிறது. கைகள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கின்றன.

கபோ சந்தைக்குள் அவரை ஆட்கள் மறித்தார்கள். ஒருவருக்குக் கடிதம் வாசிக்கவேண்டும். ஒருவருக்குப் பிறிஜ்ஜை மூன்றாம் மாடிக்கு ஏற்றவேண்டும். வேணுகா என்ற பிள்ளை பெரியபிள்ளையானதற்கு வைக்கும் சாமத்தியவீட்டுக்கு அவள் தாய் மண்டபம் கேட்டாள். இது வழமையாக நடப்பது. வழமையாக இராஜதுரை "சரி" என்று தலையாட்டுவார். அன்று அவர் ஒரு கணம் தூரத்தைப் பார்த்து, "பாப்பம்" என்றார்.

வேணுகாவின் தாய் பயந்துபோனாள். "என்ன இராஜதுரை அண்ணை, சுகமில்லையோ?"

நடந்துகொண்டே செலஸ்ரீனா கேள்வி கேட்டாள். "உங்களை எப்படித் தெரிவு செய்தவை?"

"எல்லாரும் கை தூக்கினவை."

"எதிர்த்து ஒருத்தரும் நிக்கேல்லையா?"

"நிண்டவை. பிறகு அவையும் கை தூக்கினவை."

அவள் எழுதினாள். இராஜதுரைக்குச் சந்தையின் சிவப்புத் துணிக்கூரைகள் எல்லாம் தனக்காகக் கட்டிய பந்தலாகத் தெரிந்தன. வாள்மீனின் வெட்டிய தலை ஒன்று, வாளை மேலே நிமிர்த்தியபடி, அவர் கடந்துபோகும்வரை மரியாதைக்கு நின்றது.

செவ்வாயும் அப்படியே மிதந்துபோயிற்று. புதன்கிழமை அவர் அவளைச் சியாகுல்லிக்குக் கூட்டிப்போனார். அங்கே தோட்டத்தில் வேலை செய்யும் றஞ்சித்தின் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற கடிதம் இராஜதுரையின் விலாசத்துக்குத்தான் வரும். நிலையான விலாசம் இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு அவர் வீட்டுத் தபால்பெட்டிதான் விலாசம். பஸ் நகரத்தின் விளிம்பில் இறக்கிவிட்டது. மண்டரின் தோடம்பழ மரங்கள் பூத்திருந்தன. சிரொக்கோவின் சூட்டில் அந்த வாசம் காற்றாக இல்லை, தண்ணீராக இருந்தது. அதற்குள் இறங்கித்தான் நடக்கவேண்டியிருந்தது.

றஞ்சித் ஏணியிலிருந்து இறங்கிவந்து கடிதத்தை வாங்கினான். "அண்ணை, இவ ஆர்?"

"ஆபிரிக்காவிலை ஒரு தலைவி."

"உங்களுக்குப் பின்னாலை ஏன் வாறா?"

"என்னைப் படிக்கிறா."

றஞ்சித் அவரை மேலும் கீழும் பார்த்தான். "உங்களிலை என்ன பாடம் கிடக்கு?"

இதற்குப் பதில் சொல்வது பதவிக்கு அழகில்லை. இராஜதுரை ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். வெள்ளைப் பூக்கள் தோளில் விழுந்தன. நீளநீளமாக நின்ற மர வரிசைகள் மாநாட்டுக்கு வந்தவர்களைப்போல அடங்கி இருந்தன. எண்பது கதிரை காணாது, எண்ணாயிரம் வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது செலஸ்ரீனா பக்கத்தில் வந்து இருந்து, கேளாமலேயே தன் கதையைச் சொன்னாள்.

"எங்கடை ஊரிலை பின்னேரம் மூண்டு மணிக்குப் படகு வரும். ஐஞ்சு மணிக்குப் பிறகு மீன் எங்களோடை கதைக்கத் தொடங்கும். ஆறு மணிக்கு அது கதைக்கிறது முழு ஊருக்கும் கேக்கும். நாங்கள் பாதி விலைக்குக் குடுப்பம், பிறகு சும்மா குடுப்பம், பிறகு கடலிலை எறிவம்."

"ஐஸ் இல்லையா?"

"ஐஸ் பெய்ராவிலை இருக்கு. வந்துசேரேக்கை தண்ணி. அதுதான் ஒரு குளிரறை வேணும். இந்தப் பெலோசிப்பிலை சனிக்கிழமை முதலாவதா வாறவைக்கு அவை கேட்ட திட்டத்தை முழுசாச் செய்து குடுப்பினம். நான் குளிரறை கேட்டிருக்கிறன். உங்களைப்போல தானே கதிரை போடுற தலைவர் மற்றப் பத்தொன்பது பேரிலை ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை. நான்தான் வருவன் எண்டு பேராசிரியரே சொல்லுறார்."

"நல்லது" என்றார் இராஜதுரை.

"நாளைக்கு எழுதிக் குடுக்கவேணும். அதுக்குப் பிறகு மாத்தினால் புள்ளி குறைப்பினம். பொய் எண்டு கண்டுபிடிச்சால் பேரையே வெட்டிவிடுவினம். போன வருசம் ஒருத்தருக்கு அப்பிடி நடந்ததாம்."

இராஜதுரை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். உண்மையில் திறந்தார். பூ வாசம் வாய் நிறையப் புகுந்தது, அதோடு அந்தச் சொல் எங்கோ கரைந்துபோயிற்று. இன்னும் ஒரு நாள்தானே என்று ஒரு குரல் சொன்னது. அது தலைவரின் குரல். இராஜதுரைக்குத் தலைவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை செலஸ்ரீனா எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இராஜதுரை வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி இராசேஸ்வரி வேற்றார் வீட்டு உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, கீழை மீன்காரன் கேக்கிறான், உங்கடை மனுசனுக்கு எப்ப பதவி கிடைச்சது எண்டு. அந்தப் பெட்டை உங்களைத் தலைவர் எண்டு கூப்பிட்டவளாம்."

இராஜதுரை எல்லாவற்றையும் சொன்னார். இராசேஸ்வரி கேட்டுக்கொண்டே ஒரு சேட்டை மடித்து முடித்தாள்.

"நாலு நாளாச் சாப்பிட்ட கோப்பையை நீங்கள் கழுவேல்லை. அப்பவே யோசிச்சன், எங்கையோ பதவி கிடைச்சிட்டுது எண்டு."

"நாளைக்கு ஒரு நாள்தானப்பா. பிறகு அவள் போயிடுவாள்."

"நாளைக்கு மன்றத்தையே முன்வரிசையிலை இருத்தப்போகினம். நாப்பது வாயிலை ஒரு வாய் திறந்தாலும் காணும், அந்தப் பிள்ளையின்ரை பேரை வெட்டிப்போடுவாங்கள். முப்பத்துநாலு பொம்பிளையள் நாறின மீனோடை நிப்பினம், நீங்கள் பொன்னாடையோடை நில்லுங்கோ." அவள் அடுத்த சேட்டை எடுத்தாள். "சொல்லுறதெண்டால் இண்டைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

இராஜதுரை போனார். ஆனால் முதலில் அழகரத்தினத்திடம் போனார். தலைவர் பதவியைத் திருப்பிக் கொடுப்பதென்றால் தலைவரிடம்தானே கொடுக்கவேண்டும். அழகரத்தினம் ஒரு பெரிய கட்டடத்தின் வாசற்காவலர். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். கறுப்புக் கோட்டு அடுத்த நாளுக்குத் தயாராகப் பின்னால் தொங்கியது.

விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. "நீர் என்ன துணிவிலை அப்பிடிச் சொன்னனீர்?"

"பிழைதான் அண்ணை. இப்ப போய்ச் சொல்லப்போறன், நீங்கள்தான் தலைவர் எண்டு."

அழகரத்தினத்தின் முகத்திலிருந்து சிவப்பு இறங்கியது. "நில்லும். அந்தப் பிள்ளை எங்கடை கூட்ட அறிக்கை கிறிக்கை ஏதும் கேட்டதோ?"

"கேட்டது. அலுமாரித் திறப்பு உங்களிட்டை எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப சொல்லாதையும்."

"ஏன் அண்ணை?"

அழகரத்தினம் கூண்டின் கதவைச் சாத்தினார். "கடைசிப் பொதுக்கூட்டம் இரண்டாயிரத்துப் பதினொண்டிலை. ரெண்டு வருசத்துக்குத்தான் தெரிவு. பிறகு வைச்ச கூட்டம் ஒண்டுக்கும் ஆள் காணாது. நீர் மட்டும் வந்து கதிரை போட்டுட்டு இருப்பீர். நான் தலைவர் இல்லாமல் மூண்டு வருசமாச்சு."

இராஜதுரை சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார். "இது வேறை ஆருக்குத் தெரியும்?"

"செயலாளருக்குத் தெரியும். அவரும் செயலாளர் இல்லை."

வெளியே காற்று ஒரு பத்திரிகைத் தாளை எந்த அவசரமும் இல்லாமல் தெரு நீளத்துக்குக் கொண்டுபோயிற்று.

"நாளைக்கு நீரே தலைவரா இரும்" என்றார் அழகரத்தினம். "நான் பக்கத்திலை உபதலைவர் மாதிரி இருக்கிறன். மற்றவைக்கு நான் சொல்லிவைக்கிறன். இந்தாரும், கோட்டையும் போட்டுக்கொண்டு போம்."

அவரே மாட்டிவிட்டார். கோட்டு அளவாக இருந்தது. கண்ணாடியில் ஒரு தலைவர் நின்றார், இருபத்துமூன்று வருடமாகக் கோப்பி பொங்கும்போதெல்லாம் வந்துபோகிற அதே ஆள். இராஜதுரை அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். மண்டபம் நிறைந்தது, விளக்குகள் எரிந்தன, யாரோ பொன்னாடையோடு வந்தார்கள். எல்லாம் வழமையான ஒழுங்கில்தான் வந்தன. ஆனால் இந்தமுறை முன்வரிசையில் முப்பத்துநாலு பெண்கள் மடியில் கூடைகளோடு இருந்தார்கள். ஒருத்தியும் கை தட்டவில்லை. அவர் பேச வாயெடுத்தபோது கூடைகளுக்குள்ளிருந்து மீன்கள் கதைக்கத் தொடங்கின. முதலில் மெதுவாக, பிறகு முழு ஊருக்கும் கேட்க.

அவர் கோட்டைக் கழற்றினார். "வேண்டாம் அண்ணை. கக்கத்துக்குள்ளை இறுக்குது."

மடத்தின் முற்றத்தில், எலுமிச்சை மரத்துக்குக் கீழே, செலஸ்ரீனா நாளைய பேச்சை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். இராஜதுரை நின்றபடியே சொன்னார். தான் தலைவர் இல்லை. எந்தப் பதவியும் இல்லை. அன்று கேட்டபோது நன்றாக விளங்கித்தான் சொன்னது.

அவள் தாள்களை மடித்தாள். "திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"புதன்கிழமை? மீனைப்பற்றிச் சொன்னேக்கை?"

"வாயைத் திறந்தனான்."

"பிறகு?"

"பூ வாசம் வந்தது."

நேற்றைய மீனை இன்றையது என்று விற்கிற வியாபாரியைப் பார்ப்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

"அப்ப ஆர் உண்மையான தலைவர்?"

"இப்பதான் கேட்டுட்டு வாறன். மூண்டு வருசமா ஒருத்தரும் இல்லையாம்."

அவள் சிரிக்கவில்லை. "இப்பிடியே விட்டால் எனக்கு முதலாம் இடம். மாத்தினால் என்ன கிடைக்குமெண்டு தெரியாது. நீங்கள் உங்கடை நெஞ்சிலை இருந்ததை இறக்கி என்ரை தலையிலை வைச்சிட்டியள். போங்கோ."

இராஜதுரை வீட்டுக்கு வந்து கோப்பைகளைக் கழுவினார். கழுவிய கோப்பைகளையும் திரும்பக் கழுவினார்.

சனிக்கிழமை நாலு மணி விழாவுக்கு மன்றத்தின் நாற்பது பேரும் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். அழைத்தது இத்தாலியர்கள் அல்லவா. அழகரத்தினம் சொல்லிவைத்தபடி எல்லோரும் நடுவில் ஒரு கதிரையை இராஜதுரைக்கென்று விட்டிருந்தார்கள். இராஜதுரை அதில் உட்காராமல் சுவரோரமாக நின்றார்.

செலஸ்ரீனா பதினோராவதாக மேடைக்கு வந்தாள். பழைய தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"வியாழக்கிழமை நான் எழுதிக் குடுத்தது பிழை" என்று தொடங்கினாள். "நான் நாலு நாள் அங்கை சுவரோரமா நிக்கிற மனிசனுக்குப் பின்னாலை திரிஞ்சன். தலைவரோ எண்டு கேக்க ஓம் எண்டவர், ஆனால் அவர் தலைவர் இல்லை. அப்ப தலைவர் ஆர் எண்டு கேட்டன். அந்த மன்றத்துக்கு மூண்டு வருசமாத் தலைவரே இல்லை எண்டு நேற்றுத்தான் அறிஞ்சன்."

நாற்பது பேரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள்.

"ஆனால் மண்டபம் திறபட்டிருக்கு. கடிதங்கள் ஆக்களிட்டைப் போய்ச் சேந்திருக்கு. பிறிஜ் மூண்டாம் மாடிக்கு ஏறியிருக்கு. தலைவர் இல்லை எண்டது அங்கை ஒருத்தருக்கும் தெரிய வரேல்லை. இது நல்லதோ கூடாதோ எண்டு எனக்கு விளங்கேல்லை. விளங்காததை விளங்கினமாதிரிச் சொல்ல நான் வரேல்லை. என்ரை பெண்கள் படகிலையிருந்து பழுதான மீனை வாங்கமாட்டினம்."

மூன்று நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடுவிலிருந்த பேராசிரியர் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து, சுவரோரமாக நின்ற இராஜதுரையிடம் கேட்டார். "தலைவர் இல்லையென்றால் ஏன் ஓம் என்று சொன்னீர்கள்?"

மண்டபம் முழுவதும் திரும்பியது. இருபத்துமூன்று வருடமாகத் தயாரித்து வைத்திருந்த உரை ஒன்று இராஜதுரையிடம் இருந்தது. அதில் ஒரு வரியும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"முந்தி ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

முதலில் கை தட்டியது அழகரத்தினம். எதையாவது மறைக்கவேண்டுமென்றால் சத்தம் நல்லது என்று அனுபவத்தில் கண்டவர். மற்ற முப்பத்தொன்பது பேரும் தொடர்ந்தார்கள். நடுவர்கள் உள்ளே போய் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். வெளியே வந்த பேராசிரியர், நாங்கள் கண்டது தலைவரற்ற தலைமை என்னும் புதிய வகை என்று அறிவித்தார். படித்தவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்தால் எந்தக் குழப்பமும் தீர்ந்துவிடும். இருந்தாலும் விதி விதிதான். கடைசி நேரத்தில் மாற்றியதற்குப் புள்ளியைக் குறைத்தார்கள். செலஸ்ரீனா மூன்றாவதாக வந்தாள். மூன்றாம் இடத்துக்குக் கேட்டதில் பாதி.

விழா கலைந்தபோது சிரொக்கோ அடங்கியிருந்தது. கோபுரங்கள் திரும்ப நிலத்தில் நின்றன. செலஸ்ரீனா படிக்கட்டில் நின்று ஒரு தாளில் அளவு போட்டுக்கொண்டிருந்தாள்: எட்டு மீற்றரை அடித்து நாலு ஆக்கி, சுவரை இழுத்து, கதவை மாற்றி. இராஜதுரை கிட்டப் போய் நின்றார். மன்னிப்புக் கேட்பதா, வாழ்த்துச் சொல்வதா என்று தெரியவில்லை.

"பாதி அறைக்கை எத்தினை பேற்றை மீன் கொள்ளும்?" என்று கேட்டார்.

"பதினேழு பேற்றை. முறை வைச்சுத்தான் விடவேணும். ஒருநாள் பதினேழு பேர், மற்ற நாள் மற்றப் பதினேழு பேர்."

"அவையளுக்கு என்ன சொல்லப்போறியள்?"

"நடந்ததைத்தான். பலெர்மோவிலை ஒருத்தர் ஓம் எண்டு சொன்னதாலை பாதி போச்சு, பிறகு இல்லை எண்டு சொன்னதாலை பாதி மிஞ்சினது எண்டு." அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கடை பேரையும் சொல்லுவன். அவை கேப்பினம்."

இராஜதுரை போர்கோ வெக்கியோவை நோக்கி நடந்தார். பின்னால் யாரும் வரவில்லை. கைகள் பக்கத்தில் சும்மா தொங்கின. கடற்கரையில் ஒரு குளிரறை, நாலு மீற்றர், வெள்ளைச் சுவர், உள்ளே புகைபோலக் குளிர். அதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு மீற்றர் வெறும் மணல், அதில் வெய்யில் அடித்தது. அந்த வெறும் மணலில் கூடைகளோடு பதினேழு பெண்கள் தங்கள் முறைக்காக நின்றார்கள். தெரியாத மொழியில், தெரியாத ஒரு கடற்கரையில், அவர்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள், யாரவன் இராஜதுரை என்று. கேட்டுக்கொண்டே நின்றார்கள். அவர் தெருமுனை வரும்வரை நின்றார்கள்.